துணையில்லாத காய்

பாபநாசத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய ஒன்பது வயது மகளுக்குச் சதுரங்கக் காய்கள் நகரும் விதமெல்லாம் தெரியும். வீட்டில் அண்ணனைத் தோற்கடிக்கிறாள். ஆனால் மாவட்ட அளவிலான போட்டிக்குப் போனால் இருபது நகர்த்தலுக்குள் தோற்றுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறாள். எதிரில் உட்காரும் பிள்ளைகள் தொடக்க ஆட்டத்தை மனப்பாடமாக வைத்திருப்பதுபோல் தெரிவதால், ஓப்பனிங் புத்தகம் வாங்கித் தரலாமா, பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா, எதிலிருந்து தொடங்குவது என்பது அவருடைய கேள்வி.

நான் கும்பகோணத்தில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினான்கு ஆண்டுகளாகச் சனி, ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். அந்த அனுபவத்தில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகள் ஓப்பனிங் தெரியாமல் தோற்கவில்லை. அவளுடைய ஆட்டத்தாளை, அதாவது நகர்த்தல்களை எழுதிய தாளை, நான் பார்த்ததில்லை என்றாலும், இந்தப் பருவத்தில் பத்தில் ஒன்பது ஆட்டங்கள் பாதுகாப்பில்லாமல் நின்ற ஒரு காயை எதிராளி சும்மா வெட்டிக்கொண்டு போவதால்தான் முடிகின்றன. அதைச் சரிசெய்யாமல் ஓப்பனிங் புத்தகம் வாங்கித் தருவது, கரை உடைந்த வாய்க்காலில் கூடுதலாகத் தண்ணீர் விடுவதற்குச் சமம்.

பெயர்களில் குழப்பம் வராமலிருக்க ஒரு சிறு விளக்கம். மூலையில் நின்று நேராக ஓடுவதை யானை என்றும், மூலைவாட்டாக ஓடுவதை மந்திரி என்றும் எழுதுகிறேன். சில வீடுகளில் பெரியவர்கள் ராணியையே மந்திரி என்பார்கள். அது பழைய வழக்கம், தவறில்லை, ஆனால் இந்தப் பதிலில் ராணி ராணிதான். கட்டங்களைக் குறிக்க, வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எட்டு நெடுவரிசைகளும், வெள்ளையின் பக்கத்திலிருந்து கறுப்பின் பக்கம் வரை 1 முதல் 8 வரை குறுக்குவரிசைகளும் இருக்கின்றன. வெள்ளை ராஜா தொடக்கத்தில் நிற்பது ஈ1, கறுப்பு ராஜா நிற்பது ஈ8. இதை வைத்துப் பலகையில் காய்களை அடுக்கிக்கொண்டு படித்தால்தான் கீழே சொல்வது பயன்படும்.

நம் ஊர்ப் பக்கம் ஆடுபுலி ஆட்டம் தெரியாத பாட்டி குறைவு. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்ட வேண்டுமென்றால் அந்த ஆட்டுக்குப் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருக்க வேண்டும். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதே அதன் முதுகுக்கு யார் துணை என்று யோசிக்கும் பழக்கம் அந்த ஆட்டத்தில் தானாக வந்துவிடுகிறது. சதுரங்கத்தில் விதி வேறு; துணையுள்ள காயையும் வெட்டலாம், ஆனால் வெட்டியவர் பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கும். துணையில்லாத காயை வெட்டினால் விலையே இல்லை. ஆகவே நான் திண்ணைக்கு வரும் பிள்ளைக்கு முதல் மாதம் ஒரே ஒரு வேலையைத்தான் தருகிறேன்: ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால், பலகையில் துணையில்லாமல் நிற்கும் காய்கள் எவை என்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும், தன் பக்கத்திலும் எதிர்ப் பக்கத்திலும். தன் பக்கத்தை எல்லாப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். எதிர்ப் பக்கத்தைப் பார்ப்பதற்குத்தான் மூன்று வாரம் ஆகும்.

இது எவ்வளவு சீக்கிரம் வேலைக்கு வருகிறது என்பதைச் சிறுவர் போட்டிகளில் அன்றாடம் காணும் ஓர் ஆட்டத்தை வைத்தே காட்டுகிறேன். வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை ஈ4க்கு நகர்த்துகிறது, கறுப்பு ஈ5க்கு நகர்த்துகிறது. வெள்ளை உடனே ராணியை எச்5க்குக் கொண்டுவருகிறது. உங்கள் மகள் கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணி பக்கத்தில் வந்துவிட்டாளே என்ற பதற்றத்தில், அவளை விரட்டுவதற்காக ஜி7 சிப்பாயை ஜி6க்குத் தள்ளுவாள். பார்வைக்கு நல்ல நகர்த்தல்தான். ஆனால் ராணி ஈ5 சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக் வைக்கிறாள். அதே இடத்திலிருந்து, ஜி7 காலியாகிவிட்டதால் திறந்துகொண்ட மூலைவாட்டில், எச்8 யானையையும் தொடுகிறாள். செக்கிலிருந்து ராஜாவைக் காப்பாற்றும் நேரத்தில் யானை போய்விடுகிறது. மூன்றே நகர்த்தலில் ஒரு சிப்பாயும் ஒரு யானையும்.

நகர்த்துவதற்கு முன் விரலை நீட்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஈ5 சிப்பாய்க்குத் துணையில்லை என்பது தெரிந்திருக்கும். பிறகு விடை தானே வருகிறது: பி8 குதிரையைச் சி6க்குக் கொண்டுவந்தால் சிப்பாய்க்குத் துணை, கூடவே ஒரு காய் வெளியே வந்த லாபம். இப்போது வெள்ளை மந்திரியைச் சி4க்குக் கொண்டுவந்து, ராணியும் மந்திரியும் சேர்ந்து எஃப்7ஐக் குறிவைக்கும். ஆட்டத் தொடக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு துணை கிடையாது என்பதால், கவனிக்காமல் ஜி8 குதிரையை எஃப்6க்கு நகர்த்தினால் அடுத்த நகர்த்தலிலேயே எஃப்7இல் செக்மேட். ஆனால் முன்பு தவறாக இருந்த அதே ஜி6 இப்போது சரியான நகர்த்தல், ஏனென்றால் ஈ5 காவலில் இருக்கிறது. ராணி எஃப்3க்குப் பின்வாங்கி மறுபடியும் எஃப்7ஐ மிரட்டுவாள். அப்போது குதிரை எஃப்6க்கு வந்து வழியை அடைத்துவிடும். இந்த இடத்தில் நிறுத்திப் பலகையைப் பாருங்கள். கறுப்பின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. வெள்ளையின் ராணி இரண்டு முறை அலைந்து, தன் சொந்தக் குதிரை வர வேண்டிய எஃப்3 கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் எதையும் வெட்டவில்லை, ஆனாலும் கறுப்பு வசதியாக இருக்கிறது. ராணியைச் சீக்கிரம் வெளியே கொண்டுவராதே என்று பிள்ளைகளிடம் நூறு முறை சொல்வதைவிட, இந்த நான்கு நகர்த்தல்களை ஒரு முறை ஆடிக் காட்டினால் போதும்.

அடுத்தது கை. பிள்ளைகளுக்கு மூளையைவிடக் கை வேகம். என்னிடம் வந்த ஒரு பையன், எதிராளி காயை வைத்துக் கையை எடுப்பதற்குள் பதில் நகர்த்தலை முடித்துவிடுவான். போட்டிகளில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. வீட்டில் அண்ணன் விட்டுக்கொடுப்பான், அங்கே நடுவர் விட மாட்டார். நான் அவனை இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்காரச் சொன்னேன். கையை உருவி எடுக்க ஆகும் அந்த இரண்டு நொடியில், எதிராளி கடைசியாக நகர்த்திய காய் இப்போது எதைத் தொடுகிறது, அது விட்டுவந்த இடத்தால் எந்த வழி திறந்தது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு தன் பங்குக்கு, செக் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா, மிரட்டல் இருக்கிறதா என்று இந்த வரிசையில் பார்க்க வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: செக்குக்கு எதிராளி பதில் சொல்லியே தீர வேண்டும், வெட்டுக்குப் பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டும், மிரட்டலைப் பல சமயம் கண்டுகொள்ளாமல்கூட விடலாம். எதிராளிக்கு வழி எவ்வளவு குறைவோ அவ்வளவு தூரம் நாம் முன்கூட்டியே கணக்குப் போட முடியும்.

தந்திரங்களுக்கு, அதாவது டாக்டிக்ஸுக்கு, நிறையப் பெயர்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை துணையில்லாத காய் என்ற ஒரே வேரிலிருந்து முளைத்தவை. ஒரே காய் ஒரே நேரத்தில் இரண்டைத் தாக்குவது ஃபோர்க். பி5இலோ டி5இலோ நிற்கும் வெள்ளைக் குதிரை சி7இல் குதித்தால் ஈ8இல் இருக்கும் ராஜாவுக்குச் செக், கூடவே ஏ8 யானைக்கும் ஆபத்து. நான் பார்த்த சிறுவர் ஆட்டங்களில் இந்த ஒரு ஃபோர்க்கில் போன யானைகளை எண்ணி மாளாது. பின்னால் நிற்கும் பெரிய காய்க்காக முன்னால் நிற்கும் காய் நகர முடியாமல் கட்டுண்டு கிடப்பது ‘பின்’ (pin). இவற்றைப் பெயரோடு தெரிந்துகொள்வது நல்லதுதான், பெயர் இருந்தால் கண்ணில் சட்டென்று படும். ஆனால் பெயர் தெரிந்ததோடு கணக்கை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் திண்ணையிலேயே ஒரு கதை உண்டு, அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள், அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ‘பின்’ இரண்டு வகை என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். கட்டுண்ட காய்க்குப் பின்னால் ராஜா நின்றால் அந்தக் காயை நகர்த்தவே முடியாது, விதியே அனுமதிக்காது. பின்னால் நிற்பது ராணி என்றால் நகர்த்தலாம். ராணி போவாள், அவ்வளவுதான். போகட்டும் என்று விடுவதற்கு நமக்கு ஒரு காரணம் இருந்தால் அந்த ‘பின்’ வெறும் பூச்சாண்டி. தஞ்சாவூரில் எல்லா வயதினருக்குமான ஒரு போட்டியில் அவள் எதிரில் உட்கார்ந்தவர் என் வயதுக்காரர். வெள்ளை அவளுக்கு. ஈ4, ஈ5, குதிரை எஃப்3, சிப்பாய் டி6, மந்திரி சி4. அவர் தன் மந்திரியை ஜி4க்குக் கொண்டுவந்து எஃப்3 குதிரையை டி1இல் உள்ள ராணியோடு சேர்த்துக் கட்டினார். அவள் இன்னொரு குதிரையைச் சி3க்கு நகர்த்த, அவர் ஜி7 சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அவள் கட்டுண்ட குதிரையை எடுத்து ஈ5 சிப்பாயை வெட்டினாள்.

பெரியவர் அவளைப் பார்த்துப் பரிவோடு சிரித்துவிட்டு ராணியை வெட்டினார். அவள் மந்திரியால் எஃப்7ஐ வெட்டிச் செக் வைத்தாள். ராஜாவுக்கு ஈ7ஐத் தவிர வேறு இடமில்லை. சி3 குதிரை டி5க்கு வந்தது; செக்மேட். கறுப்பு ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: ஈ8ஐயும் ஈ6ஐயும் மந்திரி பார்க்கிறது, டி7ஐ ஈ5 குதிரை பார்க்கிறது, எஃப்6ஐ டி5 குதிரை பார்க்கிறது, எஃப்7இல் இருக்கும் மந்திரியை ஈ5 குதிரை காப்பதால் வெட்ட முடியாது, மீதி இடங்களில் கறுப்பின் சொந்தக் காய்களே நிற்கின்றன. ராணியில்லாமல் ஏழு நகர்த்தலில் முடிந்த ஆட்டம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் இதை லெகால் மேட் என்கிறார்கள். பெரியவர் ராணியை வெட்டாமல் டி6 சிப்பாயால் குதிரையை வெட்டியிருந்தாலும், அவளுடைய ராணி ஜி4 மந்திரியை வெட்டி ஒரு சிப்பாய் லாபத்தோடு நின்றிருப்பாள். எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு நட்டமில்லை. அதுதான் அந்த நகர்த்தலின் சிறப்பு.

அந்த வாரம் முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த ஞாயிறு திண்ணையில் என்னோடு அதே ஆட்டத்தை ஆடினாள். நான் ஜி6க்குப் பதிலாகப் பி8 குதிரையைச் சி6க்கு நகர்த்தினேன். அவள் யோசிக்காமல் ஈ5ஐ வெட்டினாள். நான் ராணியைத் தொடவில்லை. சி6 குதிரையால் அவளுடைய குதிரையை வெட்டினேன். இப்போது என் குதிரை ஈ5இலிருந்து ஜி4 மந்திரிக்குத் துணை நிற்கிறது, கூடவே அவளுடைய சி4 மந்திரியையும் தாக்குகிறது, அவளுடைய ராணியும் இன்னும் ஆபத்தில் இருக்கிறாள். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை போயிற்று. போன வாரம் ஜி4 மந்திரிக்குத் துணையில்லை, ஈ5க்கு டி6 சிப்பாய் மட்டுமே காவல். இந்த வாரம் ஒரே குதிரை அந்த இரண்டையும் மாற்றிவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்தத் தந்திரத்தையும் பெயரைப் பார்த்து ஆடவில்லை.

வெட்டுக்கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். சிப்பாய் 1, குதிரையும் மந்திரியும் 3, யானை 5, ராணி 9 என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட மதிப்பு. ஒரு கட்டத்தை எத்தனை காய்கள் தாக்குகின்றன, எத்தனை காக்கின்றன என்று எண்ண வேண்டும். காவலைவிடத் தாக்குதல் ஒன்றாவது கூடுதலாக இருந்தால்தான் அங்கே வெட்டில் இறங்கலாம். எண்ணிக்கை சாதகமாக இருந்தாலும் முதலில் இறங்குவது விலை குறைந்த காயாக இருக்க வேண்டும். ராணியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் சிப்பாயை வைத்துக்கொண்டிருந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தும் கணக்கு தப்பாகிவிடும்.

இனி வியூகம். பிள்ளைகளிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் மலைத்துப்போவார்கள். அதனால் நான் கட்டங்களை எண்ணச் சொல்கிறேன். காலிப் பலகையில் குதிரையை மூலையில் வைத்தால் அது போகக்கூடிய கட்டங்கள் இரண்டு, ஓரத்தில் வைத்தால் மூன்று அல்லது நான்கு, நடுவில் வைத்தால் எட்டு. மந்திரிக்கு மூலையில் ஏழு, நடுவில் பதின்மூன்று. ராணிக்கு ஓரத்தில் இருபத்தொன்று, நடுவில் இருபத்தேழு. நடுக்கட்டங்களைப் பிடி என்று ஏன் சொல்கிறார்கள் என்பது எண்ணி முடித்ததும் விளங்கிவிடும். அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

யானை மட்டும் இதில் விதிவிலக்கு. காலிப் பலகையில் அதை எங்கே வைத்தாலும் பதினான்கு கட்டம். ஆனால் ஆட்டத்தில் பலகை காலியாக இருப்பதில்லை. தன் சொந்தச் சிப்பாய்க்குப் பின்னால் மூலையில் அடைபட்டுக் கிடக்கும் யானைக்குப் பதினான்கும் இல்லை, நாலும் இல்லை. அது கடைமடை நிலம் மாதிரி. மேட்டூரில் அணை திறந்தாயிற்று, கல்லணையில் பிரித்து விட்டாயிற்று என்று செய்தி வரும், ஆனால் இடையில் உள்ள வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். யானைக்கு வாய்க்கால் என்பது சிப்பாய் இல்லாத நெடுவரிசை. ஒரு நெடுவரிசையில் சிப்பாய்கள் வெட்டுப்பட்டு வழி திறந்தால் முதலில் அங்கே யானையைக் கொண்டுபோய் நிறுத்துபவருக்கே அந்த வரிசை சொந்தம். அங்கிருந்து எதிராளியின் இரண்டாவது வரிசைக்குள், அதாவது வெள்ளைக்கு ஏழாவது வரிசைக்குள் புகுந்துவிட்டால், நகராமல் நிற்கும் சிப்பாய்களையெல்லாம் ஒன்றொன்றாகத் தின்னும்.

அந்த யானைகள் வெளியே வர வேண்டுமென்றால் நடுவில் நிற்கும் ராஜா ஒதுங்க வேண்டும். ராஜாவை யானைப் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, யானையை ராஜாவின் மறுபக்கம் வைக்கும் காஸ்லிங்கை ராஜாவின் பாதுகாப்புக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். யானைக்கு வேலை கொடுப்பதும் அதில் பாதி. பத்தாவது நகர்த்தலுக்குள் இரண்டு குதிரைகளும் இரண்டு மந்திரிகளும் வெளியே வந்து காஸ்லிங் முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் போதும். காஸ்லிங் செய்த பிறகு ஒரு ஆபத்து உண்டு: ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்களும் சுவர்போல் நிற்க, எதிராளியின் யானை கடைசி வரிசையில் இறங்கிச் செக் வைத்தால், சொந்தச் சுவரே ராஜாவைச் சிறைப்படுத்திவிடும். யானைகளெல்லாம் கடைசி வரிசையை விட்டுப் போகும் நேரம் வந்தால் எச் வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி ராஜாவுக்கு ஜன்னல் திறந்து வைக்கலாம். தேவையில்லாத நேரத்தில் தள்ள வேண்டாம். சிப்பாய் மட்டும்தான் பின்னால் வராத காய், தள்ளியது தள்ளியதுதான்.

என்ன நகர்த்துவதென்றே தெரியாத நிலை எல்லா ஆட்டத்திலும் வரும். செக் இல்லை, வெட்டு இல்லை, மிரட்டல் இல்லை. அப்போது பிள்ளைகள் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திவிட்டு எதிராளியைப் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக, தன் காய்களில் எது வேலையில்லாமல் நிற்கிறது என்று தேடி அதற்கு ஒரு நல்ல இடம் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்க நிலையில் இதைவிடப் பெரிய வியூகம் எதுவும் அவளுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஜெயிக்கும் நிலையிலிருந்து ஜெயிப்பது தனி வித்தை. ஒரு காய் கூடுதலாக இருக்கும்போது காய்களை மாற்றிக்கொள்ளலாம், சிப்பாய்களை மாற்றக் கூடாது. கணக்கு எளிது: நான்குக்கு மூன்று என்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஒன்றுக்குச் சைபர் என்றால் ஆட்டமே முடிந்தது. குறைவாக இருப்பவர் இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். ராணியும் ராஜாவும் மட்டும் கையில் இருக்க, எதிராளியிடம் தனி ராஜா நிற்கும் நிலையில் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு ஸ்டேல்மேட். எதிராளியின் ராஜா மூலைக்குப் போய்விட்டால், அதிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை வைக்கக் கூடாது. ஏ8இல் ராஜா, பி6இல் ராணி என்று வைத்துப் பாருங்கள், செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, ஆட்டம் டிரா. இதை ஒரே நாளில் பழக்கிவிடலாம்.

ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்துக்குத்தான் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். வெள்ளை ராஜா ஈ6, அதன் சிப்பாய் ஈ5, கறுப்பு ராஜா ஈ8 என்று வையுங்கள். யார் நகர்த்த வேண்டிய முறையாக இருந்தாலும் வெள்ளைக்கே வெற்றி. ராஜாவையும் சிப்பாயையும் இடம் மாற்றி, ராஜா ஈ5, சிப்பாய் ஈ6 என்று வையுங்கள். கறுப்பு சரியாக ஆடினால் டிரா. ஒரே காய்கள், ஒரே நெடுவரிசை, முன்னால் நிற்பது யார் என்பதில்தான் முடிவே மாறுகிறது. சிப்பாயை ஓடவிட்டுப் பின்னால் ராஜா ஓடுவது பிள்ளைகளின் வழக்கம். ராஜா முன்னே போய் வழியைப் பிடிக்க வேண்டும், சிப்பாய் பின்னால் வர வேண்டும். ஓர வரிசைச் சிப்பாய்க்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே எதிராளியின் ராஜா மூலையைப் பிடித்துவிட்டால் டிராதான்.

இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் பாடம் என்று நினைத்துவிட வேண்டாம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் டிராவுக்கு வாய்ப்போடு ஆடிக்கொண்டிருந்த அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள முன்வந்தார். குகேஷ் யானையை வெட்டினார்; அடுத்த நகர்த்தலிலேயே தன் மந்திரியை டி5இல் வைத்து மந்திரிகளையும் மாற்றிக்கொள்ளும் நிலையை உண்டாக்கினார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த ஒரு சிப்பாய் போதுமானதாகிவிட்டது. 58ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்து, 7.5க்கு 6.5 என்ற கணக்கில் பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அந்த நிலையைப் பலகையில் வைத்துக் காட்டியபோது, சிப்பாய் ஆட்டம் சலிப்பாக இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விகள். ஓப்பனிங் புத்தகம் இன்னும் ஓராண்டுக்கு வேண்டாம். வெள்ளைக்கு ஈ4, குதிரை எஃப்3, மந்திரி சி4, பிறகு காஸ்லிங், சிப்பாய் டி3; கறுப்புக்கு ஈ4 வந்தால் ஈ5, டி4 வந்தால் டி5. இவ்வளவு போதும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் ஏழு வயதுக் குழந்தைக்கு இருபது பக்க ஓப்பனிங் ஜெராக்ஸைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்தக் குழந்தை பன்னிரண்டு நகர்த்தல் வரை மளமளவென்று ஆடும், பதின்மூன்றாவதில் குதிரையைச் சும்மா வெட்டக் கொடுக்கும். வகுப்பில் சேர்ப்பதாக இருந்தால், அங்கே பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். தினமும் பத்துப் புதிர் போடுவதற்கு லிசெஸ் (lichess) இணையதளம் போதும், அதற்குக் காசில்லை. கைபேசியில் மூன்று நிமிட ஆட்டம் ஆடவிடாதீர்கள். நான் சிரமப்பட்டுத் தொடைக்கடியில் வைத்த கை அதில் வெளியே வந்துவிடும்.

போட்டிக்கு முன் நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூருக்கு அழைத்துப் போகலாமா என்று கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். அரசன் மகளாகப் பிறந்த அம்பிகையைச் சதுரங்கத்தில் வென்று மணந்ததாகத் தலபுராணம் சொல்லும் சதுரங்க வல்லபநாதர் அங்கே இருக்கிறார். அப்பர் பாடிய தலம். நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறையில் என்பதையும் வழியில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். அவர் ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்றது தன் அம்மாவிடம் என்பதை உங்கள் வீட்டம்மாவிடமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த போட்டியில் தோற்ற ஆட்டம் இரண்டின் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அழுகை அடங்கிய பிறகு, அன்றைக்கே வேண்டாம், மறுநாள் காலையில், இருவரும் பலகையில் அந்த ஆட்டத்தைத் திரும்பப் போடுங்கள். எந்த நகர்த்தலில் முதல்முறையாக ஒரு காய் துணையில்லாமல் நின்றது என்பதை அவளே கண்டுபிடித்துப் பென்சிலால் வட்டமிட வேண்டும். நீங்கள் சொல்லித் தரக் கூடாது. வட்டமிட்ட தாள்களை எனக்கு அனுப்பினால் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.